மூன்று விநாடி அழுத்தினால்

கொய்யாய்க்கேயில் ஜூலை.
ஐந்தரைக்கே இருட்டிவிடும்.
மலைகள் சுற்றி வளைத்த கிண்ணத்துக்குள் ஊர்,
கிண்ணத்துக்கு மூடியாகப் புகை.
வீட்டுக்கு ஓர் அடுப்பு,
அடுப்புக்கு ஒரு நியாயம்.
குளிர்மேல் வழக்குப் போட முடியுமா?

எங்கள் கூடத்து மூலையில் வெள்ளைப் பெட்டி ஒன்று
நாளெல்லாம் முணுமுணுக்கும்.
ஒன்பது தவணை கட்டியாயிற்று, மூன்று பாக்கி.
விற்றவன் சொன்னான்:
"சிவப்பு எரிந்தால் வடிகட்டியை மாற்றுங்கள்.
அதுவரை கவலையே வேண்டாம்."
நான் சொன்ன பேச்சு கேட்பவள்.
கவலைப்படவில்லை.

மே முழுக்கப் பச்சை.
ஜூனிலும் பச்சை.
பக்கத்து வீட்டு நிபால்தோ ஈர விறகைக் கொளுத்தி
எங்கள் சன்னல் திரை
தேநீர்க் கறை நிறத்துக்கு வந்த வாரத்திலும்
பச்சைப் பசேல் என்று பச்சை.

முதலில் சந்தேகப்பட்டது காது.
முணுமுணுப்பு மெலிந்து
சீட்டியாகியிருந்தது,
மூக்கடைத்தவன் தூக்கத்தில் விடுவதுபோல.
அப்புறம் மூக்கு.
காலையில் கதவைத் திறந்தால்
வெளியே இருக்கும் அதே வாடை
உள்ளேயும் உட்கார்ந்திருந்தது, விருந்தாளி மாதிரி.
ஒரு மெல்லிய காகிதத்தைக் கிழித்து
காற்று வரும் வாயில் பிடித்தேன்.
அக்டோபரில் கையைவிட்டுப் பறந்த காகிதம்
இப்போது
தலையை லேசாக ஆட்டியது,
ஆமாம் என்பதுபோல.

பின்மூடியைக் கழற்றினேன்.

வெள்ளை என்று வாங்கியது.
மடிப்பு மடிப்பாக, அக்கார்டியன் துருத்தி மாதிரி.
இப்போது ஒவ்வொரு மடிப்பிலும்
அடுப்புக் குழாயின் உள்ளங்கை.
கழுவலாமா என்று தோன்றியது.
கழுவாதே என்று சட்டத்திலேயே அச்சடித்திருந்தான்,
என்னைத் தெரிந்தவன்போல.

"பச்சைதானே எரிகிறது?" என்றார் எலியோதோரோ.
பச்சைதான்.
அப்போது ரயேன்,
எட்டு வயது, நோட்டிலிருந்து தலை நிமிராமலே:
"சிவப்பு எரிந்தால் எனக்குத் தூக்கம் வராது.
அந்தப் பொத்தானை மூன்று விநாடி அழுத்தினால்
பச்சையாகிவிடும்."
எப்போதிலிருந்து?
"ஏப்ரல்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க
மூன்று விநாடி போதுமாம்.

திட்ட வாயெடுத்தேன்.
எட்டு வயதுக்காரியை என்ன சொல்லித் திட்டுவது?
பொத்தானைத் தொடாமல் விட்டிருந்தாலும்
அந்த விளக்குக்கு மூக்கு கிடையாது.
ஓடிய மணியை எண்ணுகிறது, அவ்வளவுதான்.
சன்னல் திறந்த கோடையின் ஒரு மணியும்
நிபால்தோவின் ஈர விறகு எரியும் ஒரு மணியும்
அதற்கு ஒரே மணி.
கணக்கில் புலி, வாடையில் குருடு.
அதை நம்பிப் பிள்ளையின் இருமலை
பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டது என்றேன்,
இரண்டு மாதம்.

புது வடிகட்டியின் விலை
ஒரு மீட்டர் விறகின் விலை.
சூடா, மூச்சா என்று
மேசையில் நாணயங்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம்.
கடைக்காரர் படகில் வரவேண்டும் என்றார்.
பதினொரு நாள்.
ரயேனின் கட்டிலை அடுக்களைப் பக்கமிருந்து
கடைசி அறைக்கு நகர்த்தினோம்.
கதவிடுக்கில் ஈரத் துண்டு.

வந்தது.
மாட்டினேன், ஓட்டினேன்,
சீட்டி நின்றபாடில்லை.
நெகிழி உறையை உரிக்காமல் மாட்டியிருக்கிறேன்.
ரயேன் சிரித்த சிரிப்பில்
இருமல் வந்து, நின்று, மறுபடி சிரித்தாள்.
சட்டத்தில் பென்சிலால் தேதி எழுதினாள்.
கீழே அவளாகவே:
மாதம் ஒருமுறை காகிதம் பிடிக்கவும்.

பழசு தரையில் கிடந்தது.
எலியோதோரோ குனிந்து எடுத்து,
பழக்கதோஷம்,
அடுப்பின் கதவைத் திறந்துவிட்டார்.

ஒரு நொடி மூவரும் பார்த்தோம்.
தீயை, அவர் கையிலிருந்த கறுப்பை.
அதில் நிபால்தோவின் விறகு எவ்வளவு,
எங்கள் விறகு எவ்வளவு,
பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது.

அவர் கதவைச் சாத்தினார்.
"குப்பை வண்டி என்றைக்கு வரும்?" என்றார்.